குழந்தையோடு வளர்க்கும் முதல் செடி: பச்சைப்பயறா, வெந்தயமா, கொத்தமல்லியா, நிலக்கடலையா?

சின்னக் குழந்தைகளோடு சேர்ந்து வீட்டில் ஏதாவது விதைக்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் கொத்தமல்லியைத்தான் கையில் எடுக்கிறார்கள். அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது, தனிச் செலவில்லை, வளர்ந்தால் ரசத்துக்கு ஆகும். இது பெரியவர்கள் போடும் கணக்கு. நாலு வயதுக் குழந்தைக்கு ‘நாளைக்கு’ என்றால் புரியும், ‘பத்து நாள் கழித்து’ என்றால் புரியாது. இரண்டு நாள் எட்டிப் பார்க்கும், மூன்றாம் நாள் தொட்டியை மறந்துவிடும். பிறகு அம்மாவோ தாத்தாவோதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் சமையலுக்கு ஆகுமா என்பதை இங்கே பின்னால் தள்ளிவிட்டோம். கண்ணுக்குத் தெரிகிற முதல் மாற்றம் எத்தனை நாளில் வருகிறது, கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று குழந்தைக்குக் காட்ட முடியுமா, வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் வைத்துத்தான் தரம் பிரித்திருக்கிறோம்.

மூன்று வயதுக்குள் என்றால் விதையே வேண்டாம்

இந்த வயதில் பயறு மணி நேராக மூக்குக்குள் போகும். உள்ளே ஈரத்தில் ஊறிப் பெருத்தால் எடுப்பதற்குள் பெரும்பாடு. கடலை தொண்டையில் அடைக்கும். அதற்குப் பதிலாக வெங்காயம் வையுங்கள். பல்லாரி என்றால், வாய் அளவாக உள்ள கண்ணாடிப் பாட்டிலின் மேல் உட்கார்த்தி, வேர்ப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி விட வேண்டும். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும், ஒரு வாரத்துக்குள் பச்சைத் தாள் எழும். வெங்காயம் பாதி முங்கினால் அழுகி நாற்றமெடுக்கும், இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டாலும் அதே கதிதான். சின்ன வெங்காயம் இன்னும் சுலபம். ஐந்தாறு வெங்காயத்தைத் தலை வெளியே தெரிய மண்ணில் செருகினால் போதும். வருகிற தாளைக் கிள்ளித் தோசையில் தூவலாம்.

முளைத்த உருளைக்கிழங்கை இந்த வயதுக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். பச்சை நிறம் ஏறிய இடத்திலும் முளையிலும் சோலனின் என்ற நச்சு இருக்கிறது.

கண்ணாடித் தம்ளரில்: பச்சைப்பயறும் மற்ற பயறுகளும்

மூன்றரை, நாலு வயதிலிருந்து பச்சைப்பயறுதான் முதலிடம். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. இரவில் ஊறவைத்தால் மறுநாள் காலை பயறு பெருத்திருக்கும், அன்று மாலையோ அதற்கடுத்த காலையோ வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். தமிழ்நாட்டு வெக்கையில் இது தவறுவதில்லை. ஏசி அறையில் வைத்தால் ஒரு நாள் கூடுதலாகும்.

செய்முறை இதுதான். பயறு எட்டு மணி நேரம் ஊற வேண்டும். நேரான கண்ணாடித் தம்ளரின் உட்சுவரை ஒட்டி, நாலாக மடித்த டிஷ்யூ பேப்பரையோ பழைய பருத்தித் துணியையோ சுற்றி வையுங்கள். துணி சரியாமலிருக்க நடுவில் கசக்கிய காகிதத்தைத் திணியுங்கள். துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் பத்துப் பயறுகளை, தம்ளரின் பாதி உயரத்தில், விரலிடை விட்டுச் செருகுங்கள். அடியில் ஒரு விரற்கடை அளவு தண்ணீர் இருந்தால் போதும், துணியே அதை மேலே இழுத்துக்கொள்ளும். பயறு ஒருபோதும் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது.

பத்தில் ஒன்பது வீடுகளில் இது கெடுவது அந்தக் கடைசி வரியால்தான். பஞ்சை நனைத்து, அதன் மேல் பயறைப் போட்டு, மேலேயும் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். முளைக்கிற விதைக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். முங்கிக் கிடந்தால் இரண்டாம் நாள் கொழகொழத்துப் புளித்த வாடை வரும். இதைத் தூக்கிப் போடுவதற்கு முன் பாடமாக்கிக்கொள்ளலாம். வேண்டுமென்றே ஒரு தம்ளரில் முங்க வையுங்கள், இன்னொன்றில் சரியாக வையுங்கள், மூன்றாம் நாள் குழந்தையையே முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் பூஞ்சை என்று பயந்து வீசிவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை வேர்த்தூவிகள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தூவிகள் வேரோடு ஒட்டி மறைந்துவிடும். பூஞ்சை என்றால் மறையாது, வாடையும் வரும், வேரில் மட்டுமில்லாமல் தோலின் மீதும் படர்ந்திருக்கும்.

கூன் போட்டபடி தண்டு எழுவதும், பருப்பு இரண்டும் தண்டோடு மேலே ஏறிச் சுருங்கி உதிர்வதும், ஐந்தாம் நாள் வாக்கில் இரண்டு இலை விரிவதும் தம்ளருக்கு வெளியிலிருந்தே தெரியும். பத்துப் பன்னிரண்டு நாளில் செடி சோர்ந்துவிடும், ஏனென்றால் பருப்பில் இருந்த சாப்பாடு தீர்ந்துவிட்டது, துணியில் சத்து எதுவும் இல்லை. அதற்கு முன்பே ஒன்றிரண்டைத் தொட்டிக்கு மாற்றினால் சுமார் இரண்டு மாதத்தில் நெற்று விடும். ஒரு பயறு இத்தனை பயறு ஆனதைக் குழந்தையே உரித்து எண்ணலாம்.

கொண்டைக்கடலை பெரிதாக இருப்பதால் பார்க்க வசதி என்று தோன்றும். ஆனால் தம்ளரில் அதற்கு மிகச் சுலபமாகப் பூஞ்சை பிடிக்கும், வேர் வரவும் இரண்டு மூன்று நாள் ஆகும். அதன் பருப்பு மேலே ஏறாமல் இருந்த இடத்திலேயே நிற்கும். அதனால் தனியாக வைப்பதைவிட, பச்சைப்பயறுக்குப் பக்கத்தில் வைத்து ‘ஒன்று ஏறுது, ஒன்று ஏறலை’ என்று காட்ட நல்லது. இதோடு நாலு பொட்டுக்கடலையையும் செருகி வையுங்கள். அதுவும் கடலைதான், ஆனால் வறுத்துத் தோலுரித்தது. என்ன செய்தாலும் முளைக்காது. ஏன் என்று ஐந்து வயதுக் குழந்தையே யோசித்துச் சொல்லும்.

பள்ளிச் செயல்பாடுகளில் ராஜ்மா அடிக்கடி வருகிறது. பாகங்களைப் பிரித்துப் பார்க்க அது மிக நல்லது, ஊறியதும் தோல் தனியாக வரும், உள்ளே குட்டி இலை கூடத் தெரியும். ஆனால் ராஜ்மாவைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எதையும் வாயில் வைக்கிற வயது தாண்டிய பிறகு கொடுக்கலாம். ஆமணக்கு, குன்றிமணி இரண்டும் எந்த வயதிலும் வேண்டாம். விதைக்கடையில் இளஞ்சிவப்பிலோ நீலத்திலோ சாயம் ஏறிய விதை கிடைத்தால் அது மருந்து பூசியது, குழந்தை கையில் படக் கூடாது.

முளைத்த பயறைத் தின்னக் கொடுப்பதானால் ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள். முளைக்க வைக்கிற அதே ஈரமும் சூடும் கிருமிகளுக்கும் தோதானவை.

தட்டில்: வெந்தயமா, கீரை விதையா

பயறு காட்சிக்கு என்றால் வெந்தயம் தட்டுக்கு. ‘நானே வளர்த்தேன், நானே வெட்டினேன், நானே தின்றேன்’ என்று குழந்தை சொல்ல இதைவிடக் குறுகிய வழி இல்லை. அடியில் ஓட்டையுள்ள, மூன்று விரற்கடை ஆழமுள்ள பிளாஸ்டிக் தட்டு போதும். இனிப்புக் கடை டப்பாவின் அடியில் ஆணியைச் சூடாக்கிப் பெரியவர்கள் ஓட்டை போட்டுக் கொடுக்கலாம். ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி வெந்தயம், ஆறு மணி நேரம் ஊறியது. தூவி, உள்ளங்கையால் அழுத்தி, ஈரத் துணியால் மூடுங்கள். இரண்டாம் நாள் முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் முளை துணிக்குள் வேர்விட்டு, இழுக்கும்போது கொத்தாக வந்துவிடும்.

எட்டிலிருந்து பத்தாம் நாளுக்குள் கத்தரிக்கோலால் வெட்டிச் சப்பாத்தி மாவில் போடலாம். மூன்று வாரம் விட்டால் கீரையாகவே கிடைக்கும், ஆனால் அதற்கு விதையை இதில் பாதியாகக் குறைத்துத் தூவ வேண்டும்.

வெந்தயத்தின் எதிரி குழந்தையின் பாசம்தான். ஒரு நாளைக்கு ஆறு தடவை தண்ணீர் ஊற்றினால், நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்ணோடு ஒட்டிய இடத்தில் நைந்து சாய்ந்து கிடக்கும். இது நாற்றழுகல். சரிசெய்ய முடியாது, அந்தப் பகுதியை அள்ளி எறியத்தான் வேண்டும். ‘ஊத்தாதே’ என்று தடுத்தால் குழந்தைக்கு வேலையே இல்லாமல் போகும். குவளையை வாங்கிக்கொண்டு ஸ்பிரே பாட்டிலைக் கொடுங்கள். நூறு தடவை அழுத்தினாலும் அரைக் குவளைதான் இறங்கும். இன்னொரு வழி, தட்டை அதைவிடப் பெரிய தட்டில் வைத்து, அடித்தட்டில் மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்வது.

சிறுகீரை, தண்டுக்கீரை விதைகள் மூன்று நாலு நாளில் முளைக்கும், இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். பெரியவர்களுக்கு நல்ல பயிர். குழந்தைக்கு ஒத்துவராததற்குக் காரணம் விதையின் அளவு. கடுகைவிடச் சிறியது, பிஞ்சு விரலில் ஒட்டிக்கொண்டு ஓரிடத்திலேயே குவியும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு உலர்ந்த மணல் கலந்து தூவினால் ஓரளவு பரவும். அப்புறம் எறும்பு வரிசையாக வந்து தூக்கிப் போய்விடும். சுற்றிலும் அரிசிமாவு தூவினால் எறும்பின் கவனம் அதில் போகும் என்பது பழைய உபாயம். விதைத்த நாளே குழந்தைக்கு எறும்பு வேடிக்கை கிடைப்பது தனி லாபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில், தம்ளருக்கும் தட்டுக்கும் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். உப்பு கூடினால் விதை நீரை உறிஞ்சத் திணறும்.

கொத்தமல்லி ஏன் தோற்கிறது

நாம் மல்லி விதை என்று சொல்வது உண்மையில் காய்ந்த காய். உள்ளே இரண்டு விதை உண்டு. முழுசாகப் போட்டால் ஓடு ஊறவே நாளாகும். சப்பாத்திக் கட்டையை மெல்ல உருட்டி இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிளக்க வேண்டுமே தவிர நொறுங்கக் கூடாது. நொறுங்கினால் முளை செத்துவிடும். பிறகு ஓர் இரவு ஊறவைத்து விதைத்தாலும் எட்டு முதல் பன்னிரண்டு நாள் வரை மண் வெறுமையாகவே இருக்கும். வெயில் காலத்தில் முளைப்பும் குறைவு, முளைத்ததும் இலை விடுவதைவிட்டுப் பூக்க ஓடும். ஐப்பசி தொடங்கி தை வரை விதைத்தால்தான் ஏதாவது கிடைக்கும்.

ஆறு வயதுக்கு மேல், வெந்தயம் ஒருமுறை வெட்டிச் சாப்பிட்ட குழந்தைக்கு, இந்தக் காத்திருப்பு பழகியிருக்கும். அப்போது இரண்டு தொட்டி வைத்து, ஒன்றில் பிளந்த மல்லி, ஒன்றில் முழு மல்லி போட்டு, எது முந்துகிறது என்று பந்தயம் கட்டலாம். முதல் செடியாக மட்டும் வேண்டாம்.

நிலக்கடலை: நீளம்தான், ஆனால் ஈடில்லை

நூறு நாளுக்கு மேல் பிடிக்கும். ஏழெட்டு வயதுக் குழந்தைக்குத்தான் சரிவரும். பூ மேலே, காய் கீழே என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு நிகராக மேலே சொன்ன எதிலும் ஒன்றுமில்லை. வறுக்காத கடலையை ஓட்டோடு வாங்கி, விதைக்கும் அன்று உடைத்து, மேல்தோல் கிழியாத பருப்பாகப் பொறுக்குங்கள். ஓர் அடி அகலப் பைக்கு இரண்டு பருப்பு, இரண்டு விரற்கடை ஆழம். ஒரு வாரத்தில் முளைக்கும். நாலு வாரத்தில் மஞ்சள் பூ வரும். பூ வாடிய இடத்திலிருந்து ஊசி போல ஒன்று கிளம்பி மண்ணை நோக்கி இறங்கும், விழுது என்பார்கள். அதன் நுனியில்தான் காய்.

இங்கே கெடுவது மண் இறுகுவதால். விழுது இறங்கும் சமயத்தில் மேல்மண் காய்ந்து கட்டியாக இருந்தால் ஊசி உள்ளே போகாமல் காய்ந்துவிடும். பூத்ததும் மண்ணைக் கிளறி, மணல் கலந்த மண்ணைத் தூரைச் சுற்றி அணையுங்கள். விழுது இறங்கிய பிறகு கிளறவே கூடாது. ‘காய் வந்துடுச்சா’ என்று தோண்டிப் பார்க்கும் கையைத் தடுப்பதுதான் இதில் பெரிய வேலை. ஆளுக்கொரு பை வைத்து, மூன்றாவதாக ஒன்றை ‘தோண்டிப் பார்க்கிற பை’ என்று ஒதுக்கினால் பிரச்சினை தீரும். விதைத்த வாரத்தில் அணிலும் எலியும் பருப்பைத் தோண்டும், பழைய கூடையைக் கவிழ்த்து மூடுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆடியில் போட்டால் ஐப்பசி வாக்கில் பிடுங்கலாம்.

இரண்டு குழந்தைகள் இருந்தால்

போட்டி வந்துவிடும், அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். நாட்டு மருந்துக் கடையில் நவதானியப் பொட்டலம் கிடைக்கும். உடைத்த பருப்பு இருந்தால் பொறுக்கிவிட்டு, மீதியை வகை பிரிக்கச் சொல்லுங்கள். அதுவே அரைமணி நேர வேலை. வகைக்கு ஐந்தாக இட்லித் தட்டின் குழிகளில் ஈரத் துணி விரித்துப் பரப்பினால் ஓட்டப்பந்தயம் தயார். பச்சைப்பயறும் உளுந்தும் முந்தும். நெல் பின்தங்கும், ஆனால் அது ஒற்றை இலையோடு வருவதைப் பயறின் இரட்டை இலைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

அம்மன் கோயில் முளைப்பாரி பார்த்த குழந்தை என்றால் இன்னொன்றும் செய்யலாம். முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பதால்தான் அது மஞ்சளாகவும் நெட்டையாகவும் இருக்கிறது. ஒரே நாளில் விதைத்த இரண்டு கிண்ணங்களில் ஒன்றை அலமாரிக்குள்ளும் ஒன்றை ஜன்னலிலும் வையுங்கள். ஐந்தாம் நாள் இரண்டையும் அருகருகே வைத்து, எது உயரம், எது பலசாலி என்று கேளுங்கள். உயரமானதுதான் பலசாலி என்று குழந்தை சொல்லும். அலமாரிச் செடியை ஜன்னலுக்கு மாற்றினால் ஓரிரு நாளில் பச்சை ஏறும்.

அளவெடுக்க ஸ்கேல் தேவையில்லை. தினமும் செடியின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, தேதி எழுதி, நோட்டில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். ஆறு பட்டை சேர்ந்ததும் அது வரைபடம் ஆகிவிடும். ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தால், இடையில் ஒட்டாத நாளுக்கு வெற்றிடம் விடச் சொல்லுங்கள். நெருக்கி ஒட்டினால் செடி ஒரே இரவில் எகிறியது போலத் தெரியும்.