கோடு போட்ட கேக்கும் 349 ரூபாய் சீப்பும்

மிட்டாயில் இருக்கிற மாதிரி கேக்கைச் சுற்றிக் கலர் கலராகக் கோடு வேண்டும் என்று சின்னவள் ஏழாவது பிறந்த நாளுக்குக் கேட்டுவிட்டாள். அதற்காகத்தான், கேக்கில் பூசிய கிரீமில் பள்ளம் பள்ளமாக இழுக்கிற இந்த ஸ்டீல் சீப்பு செட்டை ஆன்லைனில் வாங்கினேன். பல் வைத்த சீப்பு மூன்று, கிரீமை வழித்துச் சமன் செய்யப் பல் இல்லாத ஸ்கிரேப்பர் ஒன்று, 349 ரூபாய். கிருஷ்ணகிரி பழையபேட்டைக்கு நான்கே நாளில் வந்தது.

பெட்டியைப் பிரித்ததும் கையில் எடுத்தவர் என் வீட்டுக்காரர். கொத்தனார். "எங்க மட்டப்பலகைக்குப் பல்லு வெச்ச மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு தெரிந்தது.

முதல் முயற்சி சித்திரை வெயிலில், காலை பதினொரு மணிக்கு. ஆறு அங்குல ஸ்பாஞ்ச் மூன்று அடுக்கு, 400 கிராம் வெண்ணெயும் 800 கிராம் ஐசிங் சுகரும் அடித்த பட்டர்கிரீம். வெள்ளையைத் தடிமனாகப் பூசி, சீப்பை வைத்து, கேக் இருந்த சுழலும் தட்டை (டர்ன்டேபிள்) சுற்றினேன். பள்ளம் விழுந்தது. உடனே பள்ளத்தில் ரோஸும் நீலமும் பிழிந்து வழித்தேன். கோடாவது ஒன்றாவது! எல்லாம் குழைந்து ஒரே சாம்பல் நிறம். செட்டோடு வந்த காகிதத்தில் ‘சீப்பால் இழுக்கவும், நிறம் நிரப்பவும்’ என்று படம் மட்டும்தான். நடுவில் குளிர வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. என் முதல் கோபம் அதில்தான்.

வெள்ளை கல் மாதிரி இறுகினால்தான் அடுத்த நிறம் அதோடு குழையாமல் பள்ளத்திலேயே நிற்கும். அடுத்த முறை ஃப்ரீசரில் இருபது நிமிடம் வைத்து எடுத்தேன். நிரப்புகிற நிறம் மட்டும் மெத்தென்று இருக்க வேண்டும். இங்கே கடைகளில் போடுகிற விப்பிங் கிரீமை வைத்து இதைச் செய்ய நினைக்காதீர்கள், அது பட்டர்கிரீம் மாதிரி இறுகாது.

வழிக்கும்போது முதல் இரண்டு சுற்றுக்கு மறுபடியும் கேக் முழுக்கச் சேறுதான். நான் கையை எடுக்கப் போனேன். வீட்டுக்காரர், "நிறுத்தாத, பலகையைச் சாய்ச்சுப் புடி, ஒவ்வொரு இழுப்புக்கும் தொடைச்சுக்க" என்றார். துடைத்துத் துடைத்து இழுத்தேன். ஐந்தாவது சுற்றில் வெள்ளை எட்டிப் பார்த்தது, ஏழாவதில் கோடுகள் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றன. சுவர் பூசுகிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இனி சீப்புக்கு வருகிறேன். மூன்றில் ஒன்றுதான் உருப்படி. அகலமான பல் உள்ளதில் பள்ளம் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் ஆழம், நிறம் தங்குகிறது. மற்ற இரண்டிலும் ஆழம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை, வழிக்கும்போது கோடும் சேர்ந்து போய்விடுகிறது. வெறும் வரி வரியாக விடுவதற்கு வேண்டுமானால் ஆகும். வாங்குவதாக இருந்தால் பல்லின் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஆழத்தைப் பாருங்கள். ஸ்கிரேப்பர் அருமை, வளையவில்லை, துருப்பிடிக்கவில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உப்பு போட்ட மஞ்சள் வெண்ணெயில் வெள்ளைக் கோடு பழையதாகத் தெரியும். உப்பில்லாத வெண்ணெய் வாங்கி, பல்குத்தும் குச்சி நுனியில் ஊதா ஜெல் கலர் ஒரே ஒரு பொட்டு கலந்தால் மஞ்சள் அடங்கிவிடும். பொட்டு என்றால் பொட்டுதான், கூடினால் கத்தரிப்பூ.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். குறைத்ததில் அரை மதிப்பெண் அந்தக் காகிதத்துக்காக. கேக்கை வெட்டியதும் சின்னவள் கேட்டது: "உள்ளே ஏம்மா கோடு இல்லை?"