பொங்காத மாவு, புளித்த மாவு: எதற்கு எந்த வைத்தியம்?

ஒரே கிரைண்டர், ஒரே அம்பை 16 அரிசி, நாலு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து. சித்திரையில் பாளையங்கோட்டையில் ராத்திரி 10 மணிக்குக் கரைத்து வைத்த மாவு, விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்திருக்கும். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் அதே மாவு காலை 8 மணிக்கும் வைத்தது வைத்தபடி கிடக்கும். இரண்டு ஊருக்கும் இடையே 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான். ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல்காற்று தென்காசியை நனைத்துக் குளிர வைத்துவிடுகிறது.

பொங்காத மாவை உடனே குறை சொல்லாமல், ஒரு கரண்டி உள்ளே விட்டுக் கிளறி மோந்து பாருங்கள். லேசான புளிப்பு வாசம் இருந்து, அடியில் குமிழிகளும் தெரிந்தால் மாவு புளித்துத்தான் இருக்கிறது. உண்டான வாயுவைப் பிடித்து நிறுத்த உளுந்துக்குத் தெம்பில்லை. பழைய உளுந்தாக இருக்கும், அல்லது மிக்ஸியில் சூடேறி அரைபட்டிருக்கும், அல்லது தண்ணீர் கூடியிருக்கும். இதற்குக் காலையில் வைத்தியம் கிடையாது, தோசைக்குத் தள்ளிவிடலாம். வாசமும் இல்லை, குமிழியும் இல்லை என்றால் குளிர்தான் காரணம். அதற்குத்தான் நாலு வீட்டில் நாலு வழி சொல்வார்கள்.

வெதுவெதுப்பு கொடுப்பது முதல் வழி. மாவைப் பொங்க வைக்கும் லியூக்கோனோஸ்டாக் என்கிற நுண்ணுயிர் பெரும்பாலும் உளுந்தோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு 30 டிகிரியை ஒட்டிய சூடு தோதானது. இட்லிக் கொப்பரையில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, மாவுச் சட்டியை அதில் இறக்கி மூடி வைத்தால் போதும். நேரம் பிடிக்கும், ஆனால் ருசி கெடாது. சீக்கிரம் ஆகட்டும் என்று கொதிநீர் ஊற்றினால் ஓரத்து மாவு வெந்துபோகும்.

பழைய மாவு சேர்ப்பது இரண்டாவது. நேற்றைய மாவில் ஒரு குழிக்கரண்டி ஊற்றினால் வேலை சட்டென்று தொடங்கும். ஆனால் வாரக்கணக்கில் ஃபிரிட்ஜில் கிடந்த மாவை ஊற்றினால் பொங்குவதற்கு முன்பே புளிப்பு முந்திக்கொள்ளும். சாரல் காலத்தில் நான் இந்த இரண்டையும் சேர்த்தே செய்வேன்.

ஈஸ்ட் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மாவு பொங்கும், இட்லியில் பன் வாசம் அடிக்கும்.

சோடாவில்தான் சண்டை. தென்காசியில் இருக்கும் என் மதினி சோடாக் கட்சி. "ஒரு சிட்டிகைதான போடுதேன், என்ன செஞ்சிரப் போவுது?" என்பாள். செய்யும். ஆப்பச் சோடா நன்றாக வேலை செய்ய மாவில் புளிப்பு வேண்டும். புளிக்காத மாவில் போட்டால் சோடா முழுசாகச் செலவாகாமல் மிஞ்சி, இட்லி மஞ்சள் தட்டி, நாக்கில் சோப்பு வாடை நிற்கும். சோடா எங்கே குறைவாகப் பலன் தருமோ, அங்கேதான் ஊரே அதைப் போடுகிறது.

அது கைகொடுக்கும் இடம், வெயில் காலத்தில் அளவு மீறிப் புளித்த மாவு. அடுப்பில் ஊற்றப் போகும் நேரத்தில், ஊற்றுகிற அளவு மாவில் மட்டும் ஒரு சிட்டிகை கலந்தால் புளிப்பும் தணியும், இட்லியும் உப்பும். முன்கூட்டியே கலந்து வைத்தால் வாயு போய்விடும், பிரயோஜனமில்லை. இதற்குப் போட்டி, புதிதாக அரைத்த அரிசி மாவைச் சேர்ப்பது. புளிப்பு நிச்சயம் குறையும், ஆனால் உளுந்தின் பங்கும் குறைவதால் இட்லி கல்லாகும். தோசைக்கோ வெங்காய ஊத்தப்பத்துக்கோ என்றால் அரிசி மாவே மேல்.

இரண்டையும் தவிர்க்க, சித்திரை, வைகாசியில் ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். மாவு முக்கால்வாசி ஏறியதுமே, விடியும்வரை காத்திருக்காமல், ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். அரைக்கும்போதே உப்புப் போடுவதா, பொங்கிய பிறகா என்கிற வழக்கில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. நம் ஊர் வெயிலுக்கு முன்னால் அந்த வித்தியாசம் எடுபடாது.

மேலே பச்சையாகவோ கருப்பாகவோ பூஞ்சை படர்ந்திருந்தால் மட்டும் சோடா, அரிசி மாவு எதையும் யோசிக்காதீர்கள். மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைச் சுடலாம் என்பதும் வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.