அளவு சரியாக இருந்தது, நின்று பார்க்கும்வரை: எங்கள் ஜி.பி. நிலையத்தின் இரத்த அழுத்தச் சேவை

இங்கிலாந்தில் நாங்கள் பதிவு செய்திருக்கும் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) நிலையத்திலிருந்து, இரத்த அழுத்தத்தை அளக்க வரச் சொல்லி, பிப்ரவரி மாதத்தில் மட்டும் எனக்கு மூன்று குறுஞ்செய்திகள் வந்தன. அப்பாவுக்கு இரண்டு வந்தன. இந்த அவசரத்தின் காரணம் ஒன்றும் இரகசியமல்ல. 2004 முதல் நடைமுறையில் உள்ள கியூ.ஓ.எஃப். என்னும் ஊக்கத்தொகைத் திட்டத்தின் ஆண்டுக் கணக்கு மார்ச் 31 அன்று முடிகிறது. முந்தைய 12 மாதங்களில் கடைசியாக எடுத்த அளவு, 79 வயது வரையுள்ள இரத்த அழுத்த நோயாளிகளுக்கு 140/90-ஐயும், 80 வயதைத் தொட்டவர்களுக்கு 150/90-ஐயும் தாண்டாமல் இருந்தால்தான் அவர்கள் இலக்கை எட்டியவர்களாகக் கொள்ளப்படுவார்கள். அப்படி எட்டியவர்களின் விகிதத்தைப் பொறுத்தே நிலையத்துக்குப் பணம் வருகிறது.

பணத்துக்காகக் கூப்பிடுகிறார்கள் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அறிகுறியே இல்லாத ஒரு நோய்க்கு, யாரும் கூப்பிடாமல் நானாகப் போயிருக்க மாட்டேன்.

சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது வீட்டு அளவீட்டுப் படிவம். முதல் முறை 146/88 என்று வந்ததும், நர்ஸ் உடனே மாத்திரையைக் கூட்டும் பேச்சை எடுக்காமல், ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்த நிலையில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை அளந்து எழுதி வரச் சொன்னார். முதல் நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுத்தபோது 131/82 வந்தது. வீட்டில் எடுக்கும் அளவுக்கு இலக்கு 135/85 என்பதால், பழைய மாத்திரையே தொடர்கிறது.

குறை அப்பாவின் விஷயத்தில்தான். அவருக்கு வயது 81. பக்கவாதம் வந்து மீண்டவர். உட்கார்ந்தபடி 136/78 வந்தது. நர்ஸ் திருப்தியுடன் அதைக் கணினியில் பதிந்துவிட்டு, கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கக் கையைத் திருப்பச் சொன்னார். எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 80 வயதைக் கடந்தவர்களுக்கு நின்ற நிலையிலும் அளக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பான நைஸின் வழிகாட்டுதலே சொல்கிறது என நான் நினைவூட்டியதும், முகம் சுளிக்காமல் அப்பாவை எழுப்பி நிறுத்தி அளந்தார்: மேல் அளவு 112. உட்கார்ந்திருந்ததைவிட 24 குறைவு. 20 குறைந்தாலே கவனிக்க வேண்டிய வீழ்ச்சி அது. அவர் இரவில் கழிவறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததற்கு அப்போதுதான் காரணம் புரிந்தது.

இது நர்ஸின் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். இலக்குக்கு உச்சவரம்பு உண்டே தவிர அடிவரம்பு இல்லை. இலக்கு எட்டியதாகத் திரையில் பச்சை நிறம் வந்த பிறகு, பத்து நிமிடச் சந்திப்பில் மேற்கொண்டு தோண்டிப் பார்க்கத் தூண்டும் எதுவும் அதில் கிடையாது.

மூன்றாம் நாள் மருத்துவரே தொலைபேசியில் அழைத்து, அப்பாவின் இரண்டு மாத்திரைகளில் ஒன்றைப் பாதியாகக் குறைத்தார். வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் மார்ச் நெரிசலுக்குக் காத்திராமல் இலையுதிர் காலத்திலேயே நேரம் கேட்டு வாங்குங்கள்; நின்ற நிலையிலும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.