பத்தமடையா, காருகுறிச்சியா?

வெளியூர்க் கலைஞர் ஒருவர் நெல்லைப் பக்கம் தங்கி, நம் கைவினைஞரோடு சேர்ந்து வேலை செய்ய வருகிறார். எந்த ஊருக்கு அனுப்பலாம்?

இரண்டு வாரம்தான் என்றால் மண்பாண்டம் செய்யும் காருகுறிச்சி. குளத்து மண்ணைப் பிசைவதிலிருந்து சூளை வரை கூடவே இருக்கலாம். பொங்கலுக்கு முந்தைய மாதம் மட்டும் வேண்டாம். பானை வேலையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

பத்தமடைப் பாய்க்கு அந்த அவசரம் ஆகாது. கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் (நீளவாக்கில் கட்டிய நூலில்) நெய்ய வேண்டும். பட்டுபோல் மெல்லிய ‘பட்டுப்பாய்’ ஒன்றுக்கே வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகும். நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள், வேலையும் வீட்டுக்குள்ளேதான். அதனால் மூன்று மாதமாவது தங்கக்கூடிய பெண் கலைஞர் என்றால் என் ஓட்டு பத்தமடைக்கே. அப்புறம், சொல்லித்தரும் நாளில் பாய் நகராது. அந்த நாளுக்கான கூலியை முதலிலேயே பேசிக் கொடுத்துவிட வேண்டும்.