சியாங் மாயில் 9,600 பாத் போனது: டூர் கவுண்டரில் காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

தாய்லாந்தின் சியாங் மாய் விமான நிலையத்தில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. 9,600 பாத், நம் காசுக்கு ஏறக்குறைய 25,000 ரூபாய். இங்கே வரப்போகிறவர்கள் எதிலெல்லாம் உஷாராக இருக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான், மனைவி, அம்மா, எட்டு வயது மகள். வந்த அன்று சாயங்காலம் பழைய நகரத்தின் கிழக்கு வாசலான தா பே பக்கம் நடந்துகொண்டிருந்தோம். உள்ளே போகும் தெருவில் ஒரு டூர் கவுண்டர். ஒரு மேசை, லேமினேட் செய்த படங்கள், நடுத்தர வயதுப் பெண் ஒருவர். தோய் சுதெப் மலைக்கோயிலுக்கு எப்படிப் போவது என்று மட்டும்தான் கேட்டோம். "அதற்கு டூர் எதற்கு? சிவப்பு வண்டிக்காரர்கள் தனியாகக் கூட்டிப்போகிறேன் என்று அதிகம் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். சாங் புவாக் வாசலில் ஷேர் வண்டி நிற்கும், ஆள் சேர்ந்ததும் கிளம்பும்" என்றார். ஒரு பாத் வாங்கவில்லை. அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், மகளுக்கு ஜில்லென்று ஒரு தண்ணீர் பாட்டில்.

மறுநாள் போனால், அவர் சொன்னது அத்தனையும் சரி. இருபுறமும் நாகம் நெளியும் முந்நூறு சொச்சம் படிகளை அம்மா நின்று நின்று ஏறி, தங்கக் கோபுரத்தைச் சுற்றிவிட்டு, "நல்ல பொம்பளைடா, மத்த இடத்துக்கும் அவகிட்டயே சொல்லிடு" என்றார். விழுந்தது இங்கேதான். அடுத்தவன் ஏமாற்றுவான் என்று எச்சரித்தவரே நம்மை ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

இரண்டு நாள், தனி வேன். முதல் நாள் தோய் இந்தானோன் மலை, சவாரி இல்லாத யானைக் காப்பகம். இரண்டாம் நாள் சியாங் ராய் வெள்ளைக் கோயில். நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 9,600. கார்டு என்றால் மூன்று சதவீதம் கூட என்றதால் நோட்டாகவே எண்ணிக் கொடுத்தேன். என் எதிரிலேயே டிரைவருக்குப் போன் போட்டார். ரசீதில் பேனாவால் எழுதிய தொகையும் ஒரு யானை முத்திரையும் இருந்தன. கடைப் பெயர் இல்லை என்பதை இன்றுதான் கவனிக்கிறேன்.

ஏழு மணிக்கு வர வேண்டிய வேன் எட்டே முக்காலுக்கு வந்தது, உள்ளே ஏற்கெனவே எட்டுப் பேர். தோய் இந்தானோன் தேசியப் பூங்கா வாசலில் பெரியவர்களுக்கு 300, மகளுக்கு 150 என்று எங்களிடமே 1,050 பாத் வாங்கினார்கள். "கவுண்டரில் கேளுங்கள்" என்றான் டிரைவர். மலை உச்சி 2,565 மீட்டர், தாய்லாந்திலேயே உயரமான இடம். அங்கே இருபது நிமிஷம். ராஜா, ராணி அறுபதாம் பிறந்தநாள்களுக்காகக் கட்டிய இரட்டைக் கோபுரங்களைப் பனிமூட்டம் என்று தாண்டிவிட்டான். யானைக் காப்பகத்தில் முதலில் கண்ணில் பட்டது காலில் சங்கிலியும் முதுகில் இருக்கையும். மகள் வேனை விட்டு இறங்கவே இல்லை.

இரண்டாம் நாள் வேனே வரவில்லை. மூன்று மணி நேரப் பயணமாச்சே என்று அம்மா முந்தின ராத்திரியே கடையில் சோறு வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறி டப்பாவில் அடைத்திருந்தார். அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஹோட்டல் வாசலில் ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தார். சலெர்ம்சாய் என்ற ஓவியர் 1997லிருந்து எழுப்பிவரும் வெள்ளைக் கோயில் அது. பள்ளத்திலிருந்து நூற்றுக்கணக்கான கைகள் நீள, அவற்றின் மேலே பாலம் போகும். அதை அம்மா லேமினேட் படத்தில் பார்த்ததோடு சரி.

முதலில் டயர் பஞ்சர் என்றார்கள். அப்புறம் "நாளைக்குப் போகலாம்". நாளைக்கு எங்களுக்கு விமானம் என்றால், "அடுத்த முறை வரும்போது தள்ளுபடி". நேரில் போனால் மேசையில் வேறொரு பெண். அவங்க லீவு, முதலாளி பாங்காக்கில், எனக்கு ஒன்றும் தெரியாது. சிரிப்பு மட்டும் குறையவில்லை. லைன் (LINE) ஆப்பில் அனுப்பிய மூன்று செய்திகளையும் படித்துவிட்டு ஒரு கும்பிடு ஸ்டிக்கர் அனுப்பினார்கள். 9,600 பாத்துக்கு ஒரு ஸ்டிக்கர்! சுற்றுலா போலீசுக்கு, 1155க்கு, அடித்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். உரிம எண் கேட்டார்கள். ரசீதில் இருந்தால்தானே சொல்ல?

போர்டிங் கூப்பிடுகிறார்கள், விவரமாக எழுத நேரமில்லை. முழுத்தொகையை முன்னாடியே கொடுக்காதீர்கள். ரசீதில் கடைப் பெயரும் உரிம எண்ணும் இல்லாமல் நகராதீர்கள். நுழைவுக் கட்டணம் உண்டா, தனி வேனா என்பதை எழுதி வாங்குங்கள். சியாங் ராய்க்கு ஆர்கேட் நிலையத்திலிருந்து பஸ்ஸே போகிறது. எனக்கு அது நேற்று பத்து மணிக்கு மேல்தான் தெரிந்தது.