குளுக்கோமீட்டர்: மெஷின் தங்கம், ஸ்ட்ரிப்தான் தொல்லை

சர்க்கரை பார்க்கும் மெஷின் வாங்கலாமா என்று அஸ்தம்பட்டி நண்பர் ஒருவர் கேட்டார். நீண்ட நாளாக வைத்திருப்பவன் என்பதால் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

மெஷினில் குறையே இல்லை. கீழே விழுந்தும் உடையவில்லை, பேட்டரியும் நன்றாக உழைக்கிறது. எரிச்சல் எல்லாம் ஸ்ட்ரிப் மேல்தான், அதாவது ரத்தச் சொட்டு வைத்து மெஷினில் செருகும் சின்னப் பட்டை. ரத்தச் சொட்டு கொஞ்சம் குறைந்தால் போதும், திரையில் எர்ரர் வரும், ஸ்ட்ரிப் குப்பைக்குப் போகும். மறுபடி குத்து, மறுபடி ஒரு ஸ்ட்ரிப். மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு இதில்தான் வசூல் செய்கிறார்கள். சேலத்து சித்திரை வெயிலில் ஸ்ட்ரிப் டப்பாவை வண்டிக்குள் விட்டால் அதுவும் வீண்.

ஒரே விரலில் அடுத்தடுத்துப் பார்த்தால் 132, 145 என்று வரும். அதற்குக் கோபப்பட முடியாது. 100க்கு மேல் போனால் 15 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று சர்வதேசத் தர விதியே சொல்கிறது. மாமனார் கதை வேறு. மல்கோவா நறுக்கிய விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தினார். 280! வீடே கலங்கிப்போனது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்துப் பார்த்தால் 150. அது பழத்தின் சர்க்கரை, அவருடையது இல்லை.

இதன் உண்மையான லாபம், எதைத் தின்றால் எவ்வளவு ஏறுகிறது என்று கண்ணெதிரே காட்டுவது. சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் (தட்டைகளுக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்த எங்கள் ஊர்த் தின்பண்டம்) தின்றுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், எந்த டயட் சார்ட்டும் தேவைப்படாது.

ஆனால் விரல் குத்துவது அந்த நிமிடக் கணக்கு மட்டும். லேபில் எடுக்கும் ஏ1சி, அதாவது மூணு மாசச் சர்க்கரை, வேறு கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதுவரை அதில் ஒட்டும் சர்க்கரையை ஏ1சி அளக்கிறது. 5.7க்குக் கீழே சரி, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். மனைவிக்கு 6.2 வந்தது. மெஷினிலோ காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒழுங்கான அளவுதான். டாக்டர் முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார்; இரும்புச் சத்து குறைவு. அப்படி இருந்தால் ஏ1சி பொய்யாக ஏறிக் காட்டுமாம். இரும்பு மாத்திரை சாப்பிட்டபின் எண் தானாக இறங்கியது. மெஷின் இல்லாவிட்டால் அந்த 6.2ஐ வைத்தே பயந்து சோற்றை நிறுத்தியிருப்போம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, நண்பரிடம் இப்போது வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். இன்று காலைதான் மூன்று ஸ்ட்ரிப் வீணாகிப் போயிருந்தது. அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.