பழைய டீசல் பென்ஸ் வைத்திருப்பவர்களே, குளிரில் கியர் உதைத்தால் உடனே கியர்பாக்ஸைக் கழற்ற விடாதீர்கள்

ஜெர்மனியில் 123 வரிசை (W123) பென்ஸ் டீசல் ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க் ஷாப்புக்குப் போங்கள். என்னுடையது 1984 மாடல் 300 டி, ஐந்து சிலிண்டர், ஹெச் பிளேட் (பழம்பெரும் வண்டிகளுக்கான நம்பர் பிளேட்). டிசம்பர் குளிர் மைனஸுக்குப் போனதும் காலையில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறாமல் இன்ஜின் கத்திக்கொண்டே போகும், அப்புறம் திடீரென்று ஒரு உதை. வண்டி நன்றாகச் சூடேறினால் பாதி சரியாகிவிடும்.

ஸ்டுட்கார்ட் பக்கம், பழைய பென்ஸ்தான் எங்கள் வேலையே என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கடையில் விட்டேன். முதலில் ஆயிலும் ஃபில்டரும் முழுசாக மாற்ற வேண்டும் என்று 460 யூரோ வாங்கினார்கள். மாற்றியபின் இன்னும் மோசமானது. உடனே உள்ளே கிளட்ச் தட்டுகள் போய்விட்டன, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க 3,800 ஆகும் என்றார்கள். பிரித்தே பார்க்காமல் தட்டு தேய்ந்தது எப்படித் தெரியும் என்று கேட்டால், அனுபவமாம். வேண்டாம் என்று வண்டியை எடுக்கப் போனால் சோதனைக் கட்டணம் என்று இன்னொரு 190. என்ன சோதனை என்று பில்லில் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். முழுசாக மாற்றினோம் என்றார்களே, டார்க் கன்வர்ட்டரின் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வடிகால் போல்ட்டில் ஆலன் கீ நுழையும் ஓட்டை நிறைய பழைய அழுக்கு கெட்டியாக அப்பிக் கிடக்கிறது, அதில் யாரும் ஆலன் கீயே வைக்கவில்லை. அதாவது கியர்பாக்ஸின் அடித்தொட்டியில் இருந்ததை மட்டும் வடித்துவிட்டு, கன்வர்ட்டரில் இருந்த பழைய ஆயிலை அப்படியே விட்டிருக்கிறார்கள். போதாததற்கு ஆயிலைக் குளிர்ந்த நிலையில் அளந்து அளவுகோலின் மேல் கோடு வரை ஊற்றியிருக்கிறார்கள். இந்தக் கியர்பாக்ஸில் வண்டி ஓடிச் சூடானபின், இன்ஜின் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். குளிரில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்பதுதான் சரி. அதிகமாக ஊற்றினால் சூட்டில் நுரைத்துக்கொள்ளும், மோசமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூலக் கோளாறு வேறு. டீசலில் பெட்ரோல் வண்டி மாதிரி இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் போதிய வேக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) கிடைக்காது, அதனால் தனி பம்ப் இருக்கிறது. பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டு, சாவியைத் திருப்பினால் இன்ஜினை நிறுத்துவது, கியர் மென்மையாக விழச் செய்யும் மாடுலேட்டர், எல்லாமே அந்த ஒரு பம்பை நம்பித்தான். வேக்குவம் எங்கே கசிந்தாலும் நாம் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கிறோம் என்று கியர்பாக்ஸ் நினைத்துக்கொண்டு தாமதமாக, முரட்டுத்தனமாக மாற்றும். என் வண்டியில் மாடுலேட்டருக்குப் போகும் முழங்கை போல் வளைந்த ரப்பர் இணைப்பு கருங்கல்லாக இறுகிப்போயிருந்தது. விரலால் லேசாக வளைத்ததும் உள்வளைவில் மூன்று வெடிப்புகள் வாய் திறந்தன. குளிரில் இன்னும் விறைத்துக் கசிகிறது, சூட்டில் கொஞ்சம் இளகிப் பிடித்துக்கொள்கிறது. புது ரப்பர் சில யூரோதான்.

முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கியர் சற்றுக் கடினமாக விழுவது இயல்பு, குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும், அதற்குப் பயப்படாதீர்கள். ஆனால் சாவியைத் திருப்பியும் இன்ஜின் உடனே நிற்காமல் இழுக்கிறதா, சென்ட்ரல் லாக் ஏதாவது கதவைப் பூட்டாமல் விடுகிறதா என்று பாருங்கள். கியர் உதைப்பதோடு இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் வேக்குவம் மேல்தான் முதல் சந்தேகம். மாடுலேட்டர் குழாயைக் கழற்றி உள்ளே சிவப்பு ஆயில் இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது, அதற்கும் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. கையால் அடிக்கும் சின்ன வேக்குவம் பம்ப் வைத்துச் சோதித்தீர்களா என்று கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள், முழித்தால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடை, கார் பழுதுக் கடைக்காரர்களின் தொழில் சங்கத்தில் (இன்னுங்) உறுப்பினராக இருந்தால் கார் பழுதுத் தொழிலுக்கான ஷீட்ஸ்ஷ்டெல்லேயில் (வாடிக்கையாளர்-கடை தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் குழு) புகார் கொடுக்கலாம், நமக்குக் கட்டணம் இல்லை. அழுக்கு படிந்த போல்ட்டின் படத்தோடு நானும் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை கடையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.